மேசையை அளந்துவிட்டுக் கேமராவைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு கண்ணாடிக் குடுவை, மூன்று பேரிக்காய், கசங்கிய வெள்ளைத் துணி. இவற்றை மேசையில் அடுக்கி லார்ஜ் ஃபார்மட் ஃபிலிமில் (4×5 அங்குலமும் அதற்கு மேலுமான தனித்தனித் தாள்கள்) படமெடுக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. 4×5 அங்குலக் கேமரா போதுமா, 8×10 வேண்டுமா? மடித்துப் பையில் வைக்கிற ஃபீல்டு கேமராவா, தண்டின் மேல் ஓடுகிற மோனோரெயிலா? எந்த லென்ஸ், எந்த ஃபிலிம், எந்த வெளிச்சம்? இப்படிக் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதுதான்: நீங்கள் எடுக்கப்போகிற காட்சி எத்தனை சென்டிமீட்டர் அகலம்? அடுத்தது: பிரிண்ட்டை எப்படிப் போடப்போகிறீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் மற்ற முடிவுகள் பெரும்பாலும் தாமாகவே வந்துவிடும்.

லார்ஜ் ஃபார்மட் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி மலையையும் அருவியையும் எடுப்பவர்களுடையது. அவர்களுக்குப் பொருள் வெகு தொலைவில் இருக்கிறது. கேமராவின் எடை, காற்று, அகலக்கோண லென்ஸ், இவைதான் அவர்கள் கவலை. நமக்கோ பொருள் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது. கேமராவைச் சுமந்துகொண்டு நடக்கவும் வேண்டாம். அதனால் அவர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிற கேமரா ஸ்டில் லைஃபுக்கு, அதாவது அசையாப் பொருட்களை அடுக்கி எடுக்கும் படத்துக்கு, தொல்லையாகலாம். அவர்கள் ஒதுக்கித் தள்ளுகிற கேமரா நமக்கு வரமாகலாம். நான் முதலில் வாங்கியது தப்பான கேமராவைத்தான். அந்தக் கதை கொஞ்சம் பின்னால் வருகிறது.

4×5, 5×7, 8×10

பரப்பளவை வைத்துப் பார்த்தால் கணக்கு எளிது. 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு சட்டகம் 24×36 மி.மீ. அதைப்போல ஏறத்தாழ 15 மடங்கு 4×5; 60 மடங்கு 8×10. பெரியது என்றால் நல்லது என்று இங்கேயே முடிவெடுத்துவிடுகிறோம். மேசைக்கு முன்னால் நிற்கும்போதுதான் அந்தப் பெரிய நெகட்டிவ் கேட்கிற விலை தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காட்சியின் அகலம் 40 செ.மீ. என்று வையுங்கள். அதை 4×5 ஃபிலிமின் நீளப் பக்கத்தில் நிரப்பினால் உருப்பெருக்கம் சுமார் 0.3. அதாவது 10 செ.மீ. உயரப் பேரிக்காய் ஃபிலிமில் 3 செ.மீ. உயரம் விழும். அதே காட்சி 8×10-ல் என்றால் 0.6, பேரிக்காய் 6 செ.மீ. ஃபிலிமில் உருவம் பெரிதாக ஆக, கூர்மை நிற்கிற ஆழம் குறைந்துகொண்டே போகும். 4×5-ல் லென்ஸின் துளையை (அப்பர்ச்சரை) எஃப்/32-க்கு மூடினால் (எண் கூடினால் துளை சிறிதாகும்) முன்னும் பின்னுமாகச் சேர்த்து சுமார் 9 செ.மீ. ஆழம் கூர்மையாக நிற்கும். 8×10-ல், பிரிண்ட் ஒரே அளவுதான் என்று வைத்துக்கொண்டாலும், எஃப்/32-ல் 6 செ.மீ.கூட வராது. அதே 9 செ.மீ. வேண்டும் என்றால் எஃப்/52 அளவுக்கு மூட வேண்டும்.

இதற்கு மேல், லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே நீண்டு சுருங்கும் மடிப்புக் கூடான துருத்தி விதிக்கிற வரி ஒன்று இருக்கிறது. பக்கத்துப் பொருளை ஃபோகஸ் செய்ய லென்ஸை ஃபிலிமிலிருந்து தள்ளி நிறுத்துகிறோம். தூரம் கூடக்கூட ஃபிலிமில் விழும் ஒளி மங்கும். துருத்தி நீட்டத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் எத்தனை மடங்கு அதிகம் ஒளி வேண்டும் என்பது கிடைக்கும். நம் காட்சிக்கு 4×5-ல் அது 1.7 மடங்கு, முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு). 8×10-ல் 2.6 மடங்கு, கிட்டத்தட்ட ஒன்றேகால் ஸ்டாப்புக்கும் மேல். மூடிய அப்பர்ச்சரையும் இதையும் சேர்த்துக் கூட்டினால், அதே படத்துக்கு 8×10 கேட்கிற ஒளி 4×5 கேட்பதைவிடச் சரியாக நான்கு மடங்கு.

நான்கு மடங்குதானே, ஜன்னல் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் கூட விட்டால் ஆயிற்று என்று தோன்றும். ஃபிலிம் அப்படி நடந்துகொள்ளாது. நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிமின் வேகம் தளர்ந்துவிடும். ரெசிப்ராசிட்டி தோல்வி என்பது இதைத்தான். இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸ் ஃபிலிமுக்கு, 4×5-ல் துருத்திக் கணக்கெல்லாம் சேர்த்து 8 விநாடி வருகிறது என்றால், நிஜத்தில் சுமார் 14 விநாடி கொடுக்க வேண்டும். 8×10-ல் 32 விநாடி வரும். நிஜத்தில் 79 விநாடி. நான்கு மடங்கு என்று ஆரம்பித்தது ஆறு மடங்கை நெருங்கிவிட்டது. பேரிக்காய்க்கு இதில் ஒன்றுமில்லை. துலிப் போன்ற பூவை வைத்தீர்கள் என்றால் ஒன்றரை நிமிடத்தில் இதழ் நகர்ந்திருக்கும். மரத்தரையில் யாராவது நடந்தால் அதுவும் படத்தில் தெரியும்.

இத்தனையும் சொல்லிவிட்டு 8×10 வேண்டாம் என்றா சொல்கிறேன்? இல்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு, அது வலுவான காரணம்: கான்டாக்ட் பிரிண்ட். நெகட்டிவைத் தாளின் மேல் நேராகப் படிய வைத்து, மேலே கண்ணாடியை அழுத்தி, ஒளி காட்டி எடுக்கிற பிரிண்ட். நடுவில் படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் இல்லை, இன்னொரு லென்ஸ் இல்லை. அமெரிக்கப் புகைப்படக்காரர் எட்வர்ட் வெஸ்டன் 1930 ஆகஸ்டில் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த புகழ்பெற்ற படம் 8×10 நெகட்டிவிலிருந்து அப்படிப் போட்டதுதான். புனலின் சரிந்த உள்சுவர் ஒளியைச் சுற்றிலும் திருப்பி மிளகாயின் வளைவுகளில் ஏற்றியது. அதன் தோலில் ஓடும் சாம்பல் நிறங்களைக் கான்டாக்ட் பிரிண்ட் ஒன்றையும் விடாமல் பிடித்துக்கொண்டது.

பிராகில் வாழ்ந்த புகைப்படக்காரர் யோசெஃப் சூடெக் இன்னும் நெருக்கமான உதாரணம். முதல் உலகப்போரில் வலக்கையை இழந்தவர். 1940-ல், 1900 வாக்கில் எடுக்கப்பட்ட ஒரு சிலைப் படத்தின் பெரிய கான்டாக்ட் பிரிண்ட்டைப் பார்த்தார். அதன் பிறகு பெரும்பாலும் என்லார்ஜரைத் தொடவே இல்லை. தண்ணீர் நிரம்பிய டம்ளர், முட்டை, ரொட்டித்துண்டு, தன் பட்டறை ஜன்னல் என்று அவர் எடுத்தவற்றைச் சின்னச் சின்ன கான்டாக்ட் பிரிண்ட்டுகளாகவே போட்டார். அவற்றில் பல உள்ளங்கையைவிடச் சற்றே பெரியவை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, கான்டாக்ட் பிரிண்ட் போட 8×10 கட்டாயமில்லை என்பது. சிறிய படத்தைக் கையில் எடுத்து நெருங்கிப் பார்க்கச் சொல்கிற மனம் இருந்தால் 4×5 நெகட்டிவும் போதும்.

ஒரு வருடம் நண்பர் ஒருவரின் 8×10 என் வீட்டில் இருந்தது. அந்தப் பெரிய கிரவுண்ட் கிளாஸில் (கேமராவின் பின்னால் உருவம் விழும் மங்கல் கண்ணாடியில்) தலைகீழாகத் தெரிந்த ஒரு கிண்ணத்தையும் வெங்காயத்தையும் இன்றும் மறக்கவில்லை. 4×5-ல் லூப் என்கிற பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்து தேடுவதை 8×10-ல் நிமிர்ந்து நின்று, ஒரு ஓவியத்தைப் பார்ப்பதுபோலப் பார்க்கலாம். பொருட்களை அடுக்குகிற புத்தியே மாறிவிடுகிறது. இதை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது, ஆனால் இருக்கிறது. இருந்தும் அந்த வருடத்தில் நான் எடுத்த தாள்கள் நாற்பதைத் தாண்டவில்லை. 4×5-ல் அதே காலத்தில் இருநூறு எடுத்திருப்பேன். கற்றுக்கொள்கிற வயதில் இருக்கிற ஒருவருக்கு அந்த இருநூறுதான் தேவை.

5×7 அழகான வடிவம், கான்டாக்ட் பிரிண்ட்டுக்கும் இதமான அளவு. ஆனால் ஃபிலிம் வகைகள் குறைவு, அதற்கான என்லார்ஜரும் அரிது. ஏற்கெனவே கைக்கு வந்திருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். தேடிப்போய் முதல் கேமராவாக வாங்க வேண்டாம்.

தண்டா, மடிப்பா

இப்போது என் கதை. நான் முதலில் வாங்கியது மரத்தால் ஆன 4×5 ஃபீல்டு கேமரா. எடை குறைவு, பார்க்க அவ்வளவு அழகு. வீட்டுக்கு வந்ததும் ஒரு தேநீர்க் கோப்பையை வைத்து ஃபோகஸ் செய்தேன். திருகைத் திருப்பினால் லென்ஸ் முன்னால் போகும். முன்னால் போனால் கோப்பைக்கு இன்னும் கிட்டப் போகும், உருவம் பெரிதாகும், சட்டகம் மாறிவிடும். சட்டகத்தைச் சரிசெய்ய முக்காலியைப் பின்னால் நகர்த்தினால் ஃபோகஸ் போய்விடும். ஒரு கோப்பைக்கு முக்கால் மணி நேரம் இப்படி ஓடியது. நான்தான் ஏதோ தெரியாமல் செய்கிறேன் என்று பல வாரங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோளாறு என்னிடம் இல்லை, கேமராவின் அமைப்பில் இருந்தது. தொலைவிலுள்ள பொருளுக்கு லென்ஸை முன்னே நகர்த்தினாலும் ஒன்றுதான், ஃபிலிமைப் பின்னே நகர்த்தினாலும் ஒன்றுதான். பக்கத்துப் பொருளுக்கு அப்படியல்ல. லென்ஸின் இடம் மாறினால் பார்வைக்கோணமே மாறுகிறது. ஃபிலிம் இருக்கும் பின்பலகையை மட்டும் நகர்த்தி ஃபோகஸ் செய்தால் லென்ஸ் நின்ற இடத்தில் நிற்கும். பொருட்கள் ஒன்றுக்கொன்று நிற்கும் உறவு குலையாது. மோனோரெயிலில் முன்பலகையும் பின்பலகையும் தண்டின் மேல் தனித்தனியாக ஓடும். முன்னால் காட்சியை அமைத்துப் பூட்டிவிட்டு, பின்னால் கூர்மையைத் தேடலாம். ஸ்டில் லைஃபுக்கு மோனோரெயிலைச் சொல்ல இந்த ஒரு காரணமே போதும் என்பேன். பின்பக்க ஃபோகஸ் உள்ள ஃபீல்டு கேமராக்களும் உண்டு. பழைய டியர்டார்ஃப் 8×10 அப்படித்தான். ஆனால் வாங்கும் முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது, துருத்தியின் நீளம். ஒரு பூண்டை அதன் நிஜ அளவிலேயே ஃபிலிமில் விழ வைக்க, லென்ஸின் குவியத்தூரத்தைப் போல இரண்டு மடங்கு நீட்டம் வேண்டும். 210 மி.மீ. லென்ஸுக்கு 420 மி.மீ. பல ஃபீல்டு கேமராக்கள் 300 மி.மீ. சுற்றியே நின்றுவிடும். மோனோரெயிலில் தண்டை நீட்டிக்கொள்ளலாம், நீளமான துருத்தியை மாட்டிக்கொள்ளலாம். சைனார், கேம்போ, டோயோ போன்றவை இப்படிப் பகுதி பகுதியாகக் கழற்றி மாட்டுவதற்காகவே செய்யப்பட்டவை. ஒரு காலத்தில் விளம்பரப் பட ஸ்டூடியோக்களில் வரிசையாக நின்றவை. மலையேறுபவர்கள் கனம் என்று ஒதுக்குவதால் பழைய மோனோரெயில்கள் ஃபீல்டு கேமராக்களைவிட மலிவாகவே கைமாறுகின்றன. ஐந்து கிலோ கேமரா முக்காலியின் மேல் நிற்கும்போது அந்தக் கனம் நமக்கு உதவிதான்.

மூன்றாவது, அசைவுகள்: லென்ஸையும் பின்பலகையையும் சாய்ப்பது, திருப்புவது, ஏற்றி இறக்குவது. தியோடர் ஷைம்ஃப்லூக் 1904-ல் காப்புரிமை பெற்ற விதி இதற்கு அடிப்படை: ஃபிலிமின் தளம், லென்ஸின் தளம், கூர்மையாக வேண்டிய தளம் மூன்றும் ஒரே கோட்டில் சந்தித்தால் அந்தத் தளம் முழுக்கக் கூர்மையாகும். மேசைமேல் விரித்த துணி, கத்தி, திறந்த புத்தகம் இவற்றை எடுக்கும்போது லென்ஸை முன்னோக்கிச் சற்றே சாய்த்தால், அப்பர்ச்சரை அதிகம் மூடாமலேயே முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை கூர்மை வந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு இது மாயம்போலத் தெரியும். ஆனால் எல்லாவற்றுக்கும் இது மருந்தல்ல. துணியின் பின்கோடியில் உயரமான குடுவை நின்றால், சாய்த்த தளம் அதன் அடியைத் தொட்டுவிட்டு கழுத்தை மங்கலாக விட்டுவிடும். அங்கே சாய்வைப் பாதியாகக் குறைத்து மீதியை அப்பர்ச்சரால் ஈடுகட்ட வேண்டியதுதான். பொருட்கள் மூலைக்கு மூலை குறுக்காக நின்றால் லென்ஸைப் பக்கவாட்டில் திருப்புவது உதவும்.

இவற்றைவிட நான் அதிகம் பயன்படுத்துவது எளிமையான ஒன்று. மேலிருந்து பார்க்க வேண்டும், ஆனால் குடுவையின் பக்கங்கள் சரியக்கூடாது. கேமராவை உயரத்தில் வைத்து, பின்பலகையை நேர் செங்குத்தாக நிறுத்தி, லென்ஸை மட்டும் கீழே இறக்குகிறேன். கோப்பையின் வாய் நீள்வட்டமாகத் திறந்து தெரியும். குடுவையும் நிமிர்ந்து நிற்கும்.

ஸ்பீடு கிராஃபிக் போன்ற பழைய பத்திரிகைக் கேமராக்கள் மலிவு, உறுதியானவை. ஆனால் அசைவுகள் மிகக் குறைவு. நேர்முகமாக எடுக்கும் எளிய படங்களுக்கு மட்டும் போதும். வெளியில் நிலக்காட்சியும் எடுப்பேன், வீட்டில் ஸ்டில் லைஃபும் எடுப்பேன், ஒரே ஒரு கேமராதான் வாங்க முடியும் என்பவருக்கு நீளமான துருத்தியும் பின்பக்க ஃபோகஸும் உள்ள ஃபீல்டு கேமரா நியாயமான சமரசம்.

பழையதாக எதை வாங்கினாலும் இருட்டறையில் துருத்திக்குள் டார்ச்சை வைத்து வெளியிலிருந்து ஒவ்வொரு மடிப்பையும் பாருங்கள். ஊசிமுனை ஓட்டை ஒன்று இருந்தால்கூட, ஒரு நிமிட எக்ஸ்போஷரில் அது ஃபிலிமில் மூடுபனியாக விழும். துருத்தியின் மூலைகள்தான் முதலில் தேயும்.

லென்ஸ்: தூரத்தை வாங்குகிறோம்

4×5-க்கு 150 மி.மீ. இயல்பான லென்ஸ் என்பார்கள். நம் 40 செ.மீ. காட்சியை அதில் நிரப்ப, லென்ஸ் பொருளிலிருந்து 65 செ.மீ. தூரத்தில் நிற்க வேண்டும். 210-ல் 91 செ.மீ. 300-ல் 1.3 மீட்டர். கிட்டப் போனால் முன்னால் இருக்கும் பேரிக்காய் வீங்கி, பின்னால் இருப்பது சுருங்கிவிடும். கேமராவின் நிழலும் மேசையில் விழும். ஒளியைத் திருப்புகிற வெள்ளை அட்டையை நடுவில் வைக்க இடமும் இருக்காது. 300-ல் இந்தத் தொல்லைகள் இல்லை, ஆனால் காட்சி தட்டையாகும். துருத்தியும் 390 மி.மீ. கேட்கும். என் தேர்வு 210. அகலமான காட்சிக்கும் ஒற்றை முட்டைக்கும் ஒரே லென்ஸ் வேலை செய்கிறது. 8×10-ல் இதே பார்வைக்குச் சுமார் 340 மி.மீ. லென்ஸும் 55 செ.மீ. துருத்தியும் வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எந்த 210? சாதாரண எஃப்/5.6 லென்ஸ்கள், சிம்மார், சிரோனார், நிக்கோர்-டபிள்யூ, ஃபுஜினான் எதுவானாலும், தூரத்துப் பொருளுக்காகத் திருத்தப்பட்டவை. ஜி-கிளாரான், அபோ-ரோனார் இரண்டும் எஃப்/9 லென்ஸ்கள். அச்சுத்தொழிலில் பிரதியெடுக்கச் செய்யப்பட்டவை, நிஜ அளவுக்குப் பக்கத்தில் மிகச் சிறப்பாக வரைபவை. அப்படியானால் ஜி-கிளாரான்தானே சரி? உருப்பெருக்கம் 0.3 என்ற நம் கணக்கில், எஃப்/22-க்குக் கீழே மூடிய பிறகு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை என் பிரிண்ட்டுகளில் என்னால் காட்ட முடியவில்லை. ஆனால் ஃபோகஸ் செய்யும்போது எஃப்/9 கண்ணாடி ஒன்றேகால் ஸ்டாப்புக்கு மேல் இருட்டு. துருத்தி நீண்டால் இன்னும் இருட்டு. ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடிக் குடுவையின் விளிம்பைத் தேடும்போது அது பெரிய வித்தியாசம். பூண்டு, சிப்பி, விதை என்று நிஜ அளவிலும் அதற்கு மேலும் எடுப்பதே வழக்கம் என்றால் மட்டும் ஜி-கிளாரானுக்கோ, மேக்ரோ-சிம்மார், நிக்கோர்-ஏஎம் போன்ற மேக்ரோ லென்ஸுக்கோ போங்கள்.

ஷட்டரைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். கோபால் ஷட்டர்களில் குறித்திருக்கும் மிக நீண்ட நேரம் ஒரு விநாடி. நாம் எடுப்பது பெரும்பாலும் அதைவிட நீளம். மறுபடி அழுத்தும்வரை திறந்தே இருக்கிற டி-யில் வைத்துத் திறந்து, கடிகாரம் பார்த்து மூடலாம். லென்ஸ் மூடியை ஷட்டராகப் பயன்படுத்தினாலும் பத்து விநாடிக்கு மேல் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

எவ்வளவு மூடுவது? 1932-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வெஸ்டன், ஆன்சல் ஆடம்ஸ், இமோஜன் கன்னிங்ஹாம் முதலானோர் சேர்ந்த குழு தனக்கு எஃப்/64 என்றே பெயர் வைத்தது. அந்தப் பெயரை அப்படியே 4×5 மேசைக்குக் கொண்டுவந்தால் ஏமாற்றம்தான். மிகவும் மூடினால் ஒளி துளையின் விளிம்பில் சிதறிப் படம் முழுக்க மென்மையாகும். துருத்தி நீளும்போது நிஜமான எஃப் எண்ணும் கூடுகிறது: நம் கணக்கில் எஃப்/32 என்பது எஃப்/42 போல நடந்துகொள்ளும். பெரிதாக்கப்போகும் 4×5 நெகட்டிவுக்கு எஃப்/32-ஐ எல்லையாக வைத்துக்கொள்கிறேன். 8×10-ஐக் கான்டாக்டில் போடுபவர்கள் எஃப்/64-க்குக் கவலையின்றிப் போகலாம்; பெரிதாக்காத படத்தில் அந்த மென்மை கண்ணுக்குத் தெரியாது.

ஃபிலிமைத் தேர்வதில் வேகத்தைப் பார்க்காதீர்கள்

ஒளியை அளக்கும் மீட்டர் பத்து விநாடி காட்டுகிறது. கோடாக் டி-மேக்ஸ் 100-க்கு அதை 15 விநாடியாக்கினால் போதும். எஃப்பி4 பிளஸ்ஸுக்கு 18 விநாடி. ஃபோமாபான் 100-க்கு 80 விநாடி. மூன்றும் ஏறக்குறைய ஒரே வேகம் என்றுதான் பெட்டியில் போட்டிருக்கிறது! ஃபோமாபான் விலை குறைவு, அதன் பழைய சாயல் எனக்குப் பிடிக்கும். ஃபிளாஷில் எடுக்கும்போது மகிழ்ச்சியாகப் பயன்படுத்துகிறேன். ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் அதைத் தொடுவதில்லை. எச்பி5 பிளஸ் 400 வேகம்; பெரிய நெகட்டிவில் அதன் துகள்கள் ஒரு பொருட்டே இல்லை என்பதால் பூக்களுக்கு அதுதான் என் முதல் தேர்வு.

மலிவாகப் பழகிக்கொள்ள எக்ஸ்ரே ஃபிலிம் ஒரு வழி, குறிப்பாக 8×10 அளவில். சிவப்புக்கு அது குருடு. சிவப்பு ஆப்பிள் கறுத்துப்போகும், தக்காளி கிட்டத்தட்டக் கரித்துண்டாகும். அதே குணத்தால் சிவப்பு விளக்கின் கீழ் தட்டில் டெவலப் செய்து, படம் எழும்பி வருவதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டு பக்கமும் பூச்சு இருப்பதால் ஈரத்தில் சுலபமாகக் கீறல் விழும், தட்டின் அடியில் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இல்ஃபோர்டு ஆர்த்தோ பிளஸ் இதே குணமுள்ள, ஒரு பக்கம் மட்டும் பூச்சுள்ள முறையான ஃபிலிம்.

வண்ணத்தில் போர்ட்ரா 160 தவறுகளை மன்னிக்கும். எக்டாக்ரோம் ஸ்லைடு மன்னிக்காது, ஆனால் ஒளிப்பெட்டியின் மேல் வைத்த 4×5 ஸ்லைடு ஒன்றைப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை. வண்ண ஃபிலிமில் நீண்ட எக்ஸ்போஷர் நிறத்தையும் சாய்த்துவிடும் என்பதால் அங்கே ஃபிளாஷ் பாதுகாப்பு.

ஜன்னலும் ஃபிளாஷும்

ஜன்னல் ஒளிக்கு ஈடில்லை என்பது என் கட்சி. நேர் வெயில் விழாத பெரிய ஜன்னல், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை. குடுவையின் ஓரத்தில் அந்த ஜன்னலே வெள்ளைக் கோடாக விழும். அதை உண்மையாகச் செய்து காட்ட எந்த விளக்கும் திணறும். குறை என்னவென்றால் மேகம். மீட்டர் பார்த்தபோது இருந்த ஒளி நாற்பதாவது விநாடியில் இருக்காது. எக்ஸ்போஷருக்கு முன்னும் பின்னும் அளந்து, பாதி ஸ்டாப்புக்கு மேல் மாறியிருந்தால் இன்னொரு தாள் எடுத்துவிடுகிறேன்.

ஃபிளாஷ் நிலையானது, பூவை உறைய வைக்கும். ஆனால் எஃப்/32-ம் துருத்தி வரியும் சேர்ந்தால் சிறிய ஃபிளாஷ் ஒரு மின்னலில் போதாது. அறையை முழுக்க இருட்டாக்கி, ஷட்டரைத் திறந்து வைத்து, பலமுறை மின்னவிடலாம். ஒவ்வொரு கூடுதல் ஸ்டாப்புக்கும் எண்ணிக்கை இரட்டிக்கும்: ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு. முன்பு சொன்ன நான்கு மடங்கு இங்கேயும் வருகிறது. 4×5-க்கு நான்கு மின்னல் என்றால் 8×10-க்குப் பதினாறு. பதினாறு மின்னலுக்குள் கேமரா ஒரு மயிரிழை அசைந்தாலும் விளிம்புகள் இரட்டையாகும். எல்இடி விளக்குகள் நடுவில் நிற்கின்றன: எப்போதும் ஒரே ஒளி, சூடும் குறைவு. கண்ணால் பார்த்து அடுக்கலாம். நேரம் மட்டும் ஜன்னலைப் போலவே நீளும். பழைய டங்ஸ்டன் விளக்கை வைத்தால் கீரையும் பூவும் அரை மணியில் வாடிவிடும்.

வெளிச்சம் சரியா என்று முன்கூட்டிப் பார்க்க முன்பு போலராய்டு இருந்தது. இப்போது 4×5 கேமராவில் மாட்டும் லோமோகிராஃப்லாக் பின்பலகையில் இன்ஸ்டாக்ஸ் வைடு போட்டுப் பார்க்கலாம். கிராஃப்லாக் வகை, அதாவது இப்படி வேறு பின்பலகைகளை மாட்டக்கூடிய பின்பக்கம் உள்ள கேமராவா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நான் பெரும்பாலும் டிஜிட்டல் கேமராவில் ஒரு படம் எடுத்து நிழல்களை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

கழுவுவதும் போடுவதும்

4×5-ஐ வீட்டிலேயே டெவலப் செய்வது சிரமமே இல்லை. பாட்டர்சன் டேங்கில் மோட்54 தாங்கியைப் போட்டால் ஒரே தடவையில் ஆறு தாள், அதுவும் டேங்கை மூடிய பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு. 8×10-க்குத் தட்டுகளும் முழு இருட்டும் வேண்டும், அல்லது ஜோபோவின் பெரிய டிரம் வேண்டும். டிரம்மின் விலை சிறியதல்ல. என்லார்ஜரிலும் இதே கதை. 4×5 என்லார்ஜர் உயரமான சாமான், ஆனால் ஒரு அறைக்குள் அடங்கும். 8×10 என்லார்ஜர் அறையையே கேட்கும். ஸ்கேன் செய்வதென்றால் எப்சன் வி850 போன்ற ஸ்கேனர் 8×10 வரை எடுக்கும். ஆனால் நெகட்டிவை ஸ்கேன் செய்து திரையில் பார்ப்பதுதான் திட்டம் என்றால் 8×10-க்கு நீங்கள் கொடுக்கும் அந்த நான்கு மடங்கு ஒளியும் கனமும் எங்கே போகின்றன என்று யோசியுங்கள்.

அதனால் பெரிதாக்கவோ ஸ்கேன் செய்யவோ போகிறவருக்கு என் பதில்: 4×5 மோனோரெயில், 210 மி.மீ. லென்ஸ், ஆறு ஃபிலிம் ஹோல்டர், எஃப்பி4, ஒரு ஜன்னல். பிளாட்டினம், சயனோடைப் போன்ற கான்டாக்ட் முறைகளில் மனம் போனவருக்கு மட்டும் 8×10, அதுவும் டெவலப் செய்ய இருட்டான இடம் ஒன்று இருந்தால்.

இன்னும் தடுமாற்றம் இருந்தால், ஒன்றும் வாங்காமல் ஒரு மாலை இதைச் செய்து பாருங்கள். ஓர் அட்டையில் 4×5 அங்குலச் செவ்வகத் துளை வெட்டிக்கொள்ளுங்கள். பொருட்களை மேசையில் அடுக்கி, அவற்றிலிருந்து 91 செ.மீ. தள்ளி ஒரு கண்ணை வையுங்கள். அட்டையைக் கண்ணிலிருந்து 27 செ.மீ. முன்னால் பிடியுங்கள். 210 லென்ஸ் பார்க்கப்போவது ஏறக்குறைய அதுதான். அப்புறம் ஒரு 4×5 தாளையும் ஒரு 8×10 தாளையும் வெறுமையாகவே சுவரில் ஒட்டி, படம் தொங்கப்போகிற இடத்தில், நீங்கள் வழக்கமாக நின்று பார்க்கிற தூரத்திலிருந்து இரண்டையும் பாருங்கள். ஒரு வாரம் அவை அங்கேயே இருக்கட்டும்.